பின்பெட்டியிலிருந்து வந்த சத்தம்



சபையின் வெள்ளை அம்பாசிடர் மூன்று வாரமாக ஆலய வளாகத்தில் நிற்கவில்லை. விற்றுவிட்டோமா என்று சிலர் கேட்டீர்கள். விபத்தில் சிக்கியதோ என்று சிலர் தனியே வந்து விசாரித்தீர்கள். இரண்டும் இல்லை. அது ஆம்பூரில் ஒரு டிங்கரிங் பட்டறையில், பின்சக்கரங்கள் கழற்றப்பட்டு, மரக்கட்டைகளின்மேல் நின்றுகொண்டிருந்தது. ஏன் நின்றது என்பதை உங்களுக்கு எழுத நான் கடமைப்பட்டிருக்கிறேன். அந்த வண்டிக்குச் செலவானது உங்கள் காணிக்கை. அதில் ஒரு பகுதி என் அவசரத்தினால் வீணாயிற்று.

வண்டியின் வரலாறு உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். 1996-ஆம் ஆண்டு வண்டி அது. பச்சைத்தோல் வியாபாரம் செய்த ஒரு குடும்பத்தார் பல ஆண்டுகள் ஓட்டிவிட்டு, நம் சபைக்கு அன்பளிப்பாகத் தந்தார்கள். கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் அம்பாசிடரைச் செய்த ஆலை 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் நின்றுபோயிற்று. இன்று அதற்கு உதிரிபாகம் வேண்டுமென்றால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் தேடி அலைய வேண்டும். ஆயினும் முழங்கால் மடங்காத முதியோரும் நோயாளிகளும் குனியாமல் ஏறி அமரத்தக்க பின்னிருக்கை அதற்கு உண்டு. அதனாலேயே செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் டயாலிசிஸ் சிகிச்சைக்காக நம் சகோதரி ஒருவரை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு அதில் அழைத்துச் சென்று வருகிறோம். தம் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். உங்களுக்குத் தெரியும், ஆனாலும் எழுதவில்லை.

மழைக்காலம் முடிந்தபின் வண்டியின் பின்புறத்தில் ஒரு சத்தம் தொடங்கிற்று. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ஒரு தடவை 'டக்' என்று கேட்கும். நெடுஞ்சாலையில் வண்டி சீராக ஓடும்போது ஒன்றும் கேளாது. மாதனூரைத் தாண்டி சர்வீஸ் சாலையில் இறங்கினால் மறுபடியும் வரும். நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். பாமாலைப் பாடல்களின் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். ஒரு மாதத்துக்கும் மேலாக அப்படியே ஓட்டினேன்.

பின்பு சத்தம் பாடலையும் மீறியது. ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று நானே முடிவு கட்டினேன். பின்பெட்டியை இரண்டு கைகளாலும் அழுத்திவிட்டால் நல்ல வண்டி ஒருமுறை எழும்பி நின்றுவிடும். நம் வண்டி மூன்று முறை ஆடிற்று. அதைப் பார்த்தபின் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு புதிய ஷாக்குகளை வாங்கி, ஒரு பட்டறையில் மாட்டச் செய்தேன். கூலியோடு 4,200 ரூபாய். அவர்களும் மேலே ஏதும் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. ஒன்பது நாள் வண்டி மெளனமாக ஓடிற்று. பத்தாம் நாள் பள்ளிகொண்டாவுக்கு அருகில், ஒரு சிறிய பள்ளத்தில், சம்மட்டியால் அடித்ததுபோல் அந்தச் சத்தம் திரும்பி வந்தது.

இங்கே சற்று நின்று, ஷாக் அப்சார்பரின் வேலை என்னவென்று சொல்ல வேண்டும். அம்பாசிடரின் பின்பாரத்தைச் சுமப்பது ஷாக் அல்ல. அடுக்கடுக்கான பிளேட் ஸ்பிரிங்குகளே சுமக்கின்றன. ஸ்பிரிங்குக்கு ஒரு குணம் உண்டு. அமுக்கினால் எழும்பும், எழும்பியபின் மறுபடி தாழும், தானாக ஓயாது. அந்த ஆட்டத்தை அடக்குவதற்கே ஷாக். உள்ளே எண்ணெய் நிறைந்த குழாய். அதில் ஒரு பிஸ்டன். எண்ணெய் சிறு துவாரங்களின் வழியே நெருக்கப்பட்டுப் போகும்போது ஆட்டத்தின் வலிமை வெப்பமாகிக் கரைந்துவிடுகிறது. அதன் கீழ்முனை அச்சோடும் மேல்முனை வண்டியின் உடலோடும் பிணைக்கப்பட்டிருக்கும். லாரிக்கு இருப்பதுபோல் அம்பாசிடருக்குத் தனிச் சட்டம் கிடையாது. தகடுகளை வளைத்து ஒட்டிய உடலே அதன் எலும்பும் ஆகும். ஆகையால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஷாக் இழுக்கிற இழுப்பும் தள்ளுகிற தள்ளலும், பின்பெட்டியின் தரைக்கடியில் உள்ளங்கை அளவான ஓர் இடத்தில் வந்து இறங்குகின்றன.

இந்த முறை வேறொரு பட்டறைக்குப் போனேன். அந்தப் பாய் அறுபது வயதைக் கடந்தவர்; வண்டியின் தகட்டைத் தட்டிப் பார்த்தே அதன் வயதைச் சொல்லக்கூடியவர். அவர் வண்டிக்கு அடியில் போகவே இல்லை. பின்பெட்டியைத் திறந்து, ஸ்டெப்னியை எடுத்து வெளியே வைத்து, மிதியடியை உரித்தார். அடியில் தார்த்தாள் ஒட்டியிருந்தது. அதையும் உரித்தார். அதனடியில் எப்போதோ யாரோ பட்டி பூசி, வெள்ளை வண்ணம் அடித்து, பார்வைக்கு ஒழுங்காக்கியிருந்தார்கள். ஸ்க்ரூ டிரைவரை அதன்மேல் வைத்து லேசாக அழுத்தினார். அது தரையைத் துளைத்துக்கொண்டு கீழே போயிற்று. துவாரத்தின் வழியே பட்டறையின் மண்தரை தெரிந்தது.

"ஃபாதர்," என்றார். (எந்தச் சபைப் போதகரையும் எங்கள் ஊரில் அவர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள்.) "ஷாக்குல ஒண்ணும் தப்பு இல்ல. ஷாக்கைப் புடிச்சுக்கிட்டு இருக்கிற இடமே போயிடுச்சு. பழைய ஷாக் தளர்ந்து இருந்துச்சு, அதனால இது இத்தனை நாள் தாங்குச்சு. புது ஷாக் இறுக்கமா இழுத்துச்சு, மிச்சம் இருந்ததையும் கிழிச்சுடுச்சு."

மாற்கு சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தில், பழைய வஸ்திரத்தோடு கோடித் துண்டை இணைப்பதைப் பற்றி நம் ஆண்டவர் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வசனத்தின்மேல் நான் குறைந்தது ஆறு தடவை பிரசங்கித்திருப்பேன். புதியதன் வலிமையே பழையதைக் கிழிக்கும் என்ற தையற்காரனுடைய அறிவு அதில் இருக்கிறது என்பதை, 4,200 ரூபாய் செலவழித்தபின்பு, பின்பெட்டிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நின்ற அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

துரு ஏன் அந்த ஓரிடத்தில் அவ்வளவு தீவிரமாகப் பிடித்தது என்று பாயிடம் கேட்டேன். வண்டி முன்பு யாருடையது என்று அவர் திருப்பிக் கேட்டார். சொன்னவுடன் தலையசைத்தார். நம் ஊரில் வளர்ந்த உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. வெளியூரிலிருந்து இதைப் படிப்போருக்காக எழுதுகிறேன். உரித்த பச்சைத்தோல் அழுகாமலிருக்க, அதன் எடையில் நூற்றுக்கு 40 அளவுக்கு உப்பு இட்டு மடித்து வைப்பார்கள். தோல் தன் ஈரத்தை விட, அது உப்புநீராகக் கசியும். மாதிரித் தோல்களை வியாபாரிகள் காரின் பின்பெட்டியில் போட்டுக்கொண்டு ராணிப்பேட்டைக்கும் பேரணாம்பட்டுக்கும் வாணியம்பாடிக்கும் போவது வழக்கம். மிதியடிக்கு அடியில் இறங்கிய உப்பு பிறகு போவதே இல்லை. காற்றிலுள்ள ஈரத்தையும் அது தன்னிடம் இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரமும் உப்பும் சேர்ந்தால் இரும்பு பலமடங்கு விரைவாகத் துருப்பிடிக்கும். தோல்களை ஊறவைத்துக் கழுவிய அதே உப்புதான் பாலாற்றங்கரைக் கிணறுகளிலும் இறங்கிற்று. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடுசெய்ய வேண்டும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி. நம் வண்டி பிறந்ததும் அதே ஆண்டு. அன்பளித்த குடும்பத்தார்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த உப்பினால்தான் நம்மில் பாதிப் பேருடைய வீட்டில் அடுப்பு எரிந்தது.

அன்று மாலை அந்தச் சகோதரியின் வீட்டுக்குப் போனேன். வண்டி பட்டறையில் இருக்கும் நாட்களில் வேறு ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது என்று சொல்லவே போனேன். பேச்சோடு பேச்சாக, தரை ஓட்டையாயிருந்ததைச் சொன்னேன். அவர் சற்றுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அதான் முதுகுல குத்திச்சா ஐயரே? ரெண்டு மாசமா ஒவ்வொரு பள்ளத்துலயும் முதுகெலும்புல இடி விழுந்த மாதிரி இருக்கும்" என்றார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"காசு வாங்காம கூட்டிட்டுப் போறீங்க. அதுல போய்க் குறை சொல்லலாமா?"

அன்பானவர்களே, அந்தப் பதிலை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அன்றிரவு உறங்கவில்லை. சிகிச்சை முடிந்து, துவண்ட உடலோடு பின்னிருக்கையில் சாய்ந்திருந்த ஒருவர், ஒவ்வொரு அடியையும் தம் முதுகில் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். முன்னிருக்கையில் நான் ஞானப்பாட்டைக் கூட்டி வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். சபையின் ஊழியத்தைச் செய்கிறோம் என்ற நிம்மதியும் எனக்கு இருந்தது. நாம் செய்கிற உதவியைப் பெறுகிறவர் வாய்திறந்து வலிக்கிறது என்று சொல்லக்கூடாத விதமாக அந்த உதவியைச் செய்துவந்திருக்கிறோமோ என்ற கேள்விக்கு இன்னும் என்னிடத்தில் விடையில்லை.

வேலூருக்குப் போய்வருகிற நமக்கு டாக்டர் பால் பிராண்டின் பெயர் புதியதல்ல. 1914-இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, 1946-இல் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்தவர். தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் அழிவதற்கு நோய் தசையைத் தின்பது காரணமல்ல, வலி தெரியாமற்போனதே காரணம் என்பதைக் கண்டு சொன்னவர்களில் அவர் முதன்மையானவர். முள் தைத்தாலும் நடப்பார்கள்; புண்ணின்மேலேயே நடப்பார்கள்; சொல்லுகிற நரம்பு செத்துப்போயிற்று. வலி கடவுளுடைய ஈவு என்று அவர் தம் வாழ்நாளெல்லாம் பேசியதற்கு இதுவே அடிப்படை. நம் வண்டிக்கு நரம்பு சாகவில்லை. 'டக்' என்று அது உண்மையைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. அந்தச் சகோதரியும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். மரத்துப்போயிருந்தவன் நான்தான்.

பிராண்ட் அவர்களும் அவரோடு உழைத்தவர்களும் அந்தப் பாதங்களுக்காக நுண்துளை ரப்பரில் செருப்புச் செய்வதில் ஈடுபட்டார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்றும் நம் மருத்துவமனைகளில் சொல்கிறோமே, அதுதான். அதன் தத்துவம் எளிது. உடலின் பாரத்தைக் குறைக்க முடியாது. அந்தப் பாரம் எலும்பு துருத்துகிற ஒரு புள்ளியில் இறங்காமல் பாதமெங்கும் பரவும்படி செய்யலாம். பாய் பட்டறையில் செய்த வேலையும் தத்துவத்தில் இதுவேதான். பள்ளத்தின் அடியை யாராலும் குறைக்க முடியாது. உள்ளங்கை அளவிடத்தில் இறங்கியதை அகலமான, திடமான இடத்துக்குப் பரப்ப வேண்டும்.

வேலை தொடங்குமுன் பாய் ஒரு நிபந்தனை வைத்தார். சிறு சுத்தியலோடு அடித்தகடு முழுவதையும் தட்டிப் பார்ப்பதாகவும், ஸ்பிரிங்கின் பின்முனை தொங்குகிற இடங்களும் நீளவாட்டில் ஓடுகிற பெட்டி விட்டங்களும் மொத்தென்று ஒலித்தால் வேலையைத் தொடமாட்டேன் என்றும் சொன்னார். அப்படியானால் வண்டியை உடைக்கக் கொடுத்துவிடுவதே நேர்மை. நெகேமியா இராக்காலத்தில் இடிந்த மதிலைச் சுற்றிப் பார்த்ததுபோல, ஒரு கைவிளக்கோடு இரண்டு மணி நேரம் அடியில் படுத்துக் கிடந்தார். விட்டங்கள் கணீரென்று ஒலித்தன. அதன்பின்பே கமிட்டியைக் கூட்டிப் பேசினேன். விற்றுவிடலாம் என்று கமிட்டியில் இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதை இங்கே பதிவு செய்கிறேன்.

முதலில் பாட்டரியின் இணைப்பைக் கழற்றினார். பெட்ரோல் தொட்டியை இறக்கிப் பட்டறைக்கு வெளியே கொண்டுபோய் வைக்கச் செய்தார். காலியான தொட்டிதானே என்று நான் சொன்னபோது சிரித்தார். பெட்ரோலைவிட அதன் ஆவியே வெடிக்கும். காலித் தொட்டியில் நிறைந்திருப்பது ஆவி. வீட்டிலே வெல்டிங் வைக்கும் இளைஞர்கள் இதைத் தயவாய்க் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு துருவை வெட்டினார். சுரண்டவில்லை, வெட்டினார். பளபளக்கிற இரும்பு வருகிறவரை வெட்டிக்கொண்டே போனார். ரூபாய் நாணயம் அளவிலிருந்த துவாரம், விரித்துவைத்த வேதாகமத்தின் அளவு ஆயிற்று. எனக்கு வயிற்றைக் கலக்கிற்று. அழுகின தகட்டில் பற்றவைப்பு நிற்காது. நிற்பதுபோல் காட்டி ஒரு மாதத்தில் விட்டுவிடும் என்றார்.

வலுவூட்டுகிற தகட்டை எப்படி வெட்டுவது என்பதில் நம் சபையின் மகள் ஒருவர் உதவினார் என்றால் நம்புவீர்களா? காலணித் தொழிற்சாலையில் மேற்பாகம் தைக்கிற பிரிவில் வேலை செய்கிறவர். சகோதரியின் மகளும் அவரே. அம்மாவின் சிகிச்சை நாள் பற்றிக் கேட்கப் பட்டறைக்கு வந்தவர், பாய் மூன்று மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் நேர்ச்சதுரமாகச் சுண்ணக்கோடு போட்டிருப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐயரே, ஷூவுல ஒட்டுன இடம் கிழியாது. ஒட்டு முடியிற இடத்துலதான் கிழியும். அதனாலதான் உள்ளே வைக்கிற துண்டோட ஓரத்தை நாங்க ஸ்கைவிங் பண்ணி மெலிசாக்குறோம்." பாய் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "பொண்ணு சரியாச் சொல்லுது" என்றார். தடித்த தகடு சட்டென்று நேர்கோட்டில் முடிந்தால், அந்தக் கோட்டை ஒட்டிய மெல்லிய தரை மடங்கி மடங்கி அங்கே புதிய வெடிப்பு உண்டாகும். அவருக்கும் அது தெரிந்ததுதான். நேரம் மிச்சமாகட்டும் என்று சதுரமாகப் போட்டிருந்தார். கோட்டை அழித்து, ஓரங்களை விரல்விரலாக நீட்டி, மூலைகளை வளைத்து மறுபடி வரைந்தார். ஒரு பக்கம் குறுக்கே ஓடும் பெட்டி விட்டத்தைத் தொடும்படி நீட்டினார். பாரத்தைச் சுமக்கக்கூடியது விட்டமே, தரையல்ல.

வெட்டிய இடத்தில் முதலில் பழைய தரையின் பருமனுக்கு ஒத்த தகடு வைத்து மூடினார். பிறகு மேலே ஒரு தடித்த தகடும் கீழே ஒன்றும். போல்ட்டுகள் போகிற இடங்களில், இரண்டுக்கும் நடுவே சிறு இரும்புக் குழாய்த் துண்டுகளைக் கொடுத்தார். அவை இல்லாவிட்டால் நட்டை இறுக்க இறுக்கத் தரை நசுங்கும், நாளடைவில் பிடி தளரும். ஏற்கெனவே ஓடியிருந்த ஒரு வெடிப்பின் நுனியில் சிறு துளையிட்டார். வெடிப்பு கூர்மையான நுனியால்தான் முன்னேறுகிறது. நுனியை வட்டமாக்கினால் அங்கேயே நின்றுவிடும். பற்றவைத்தபோதும் ஒரே மூச்சாக ஓடவில்லை. இங்கே ஒரு அங்குலம், எதிர்ப்புறத்தில் ஒரு அங்குலம், ஆறவிட்டு மறுபடி. இல்லையேல் சூட்டில் தகடு கோணிக்கொள்ளும். தகடுகளை மூடுமுன்பே உட்புறங்களில் ரெட் ஆக்சைடு பூசினார். தண்ணீர் தங்காதபடி தாழ்ந்த மூலையில் ஒரு வடிகால் துளையும் விட்டார். இடப்பக்கம் பார்வைக்கு நன்றாயிருந்தது. உரித்துப் பார்த்தால் மயிரிழை வெடிப்பு. அங்கும் அதே வேலை.

புதிய ரப்பர் புஷ்களைப் போட்டு, வண்டியைச் சக்கரங்களின்மேல் இறக்கி, அதன் முழுப் பாரமும் இறங்கியபின்பே ஷாக்கின் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்கினார். தொங்கவிட்ட நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். அந்த 4,200 ரூபாய் ஷாக்குகளையே திரும்ப மாட்டினோம். ஆகவே பணம் முழுவதும் வீணாகவில்லை. இரண்டு தடவை கூலி கொடுத்ததும், ஒரு மாதம் முன்னமே பார்த்திருந்தால் சிறிய ஒட்டோடு முடிந்திருக்கும் என்பதும் என் கணக்கில் சேரும். பட்டறைச் செலவு 7,300 ரூபாய். முதல் பட்டறைக்குக் கொடுத்த கூலியை என் சம்பளத்திலிருந்து சபைக் கணக்கில் செலுத்திவிட்டேன். பொருளாளர் ஐயா வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை.

பற்றவைத்த இடங்களின்மேல் கறுப்புத் தார் பூசாமல் வெள்ளை வண்ணமே அடிக்கச் சொன்னேன். மறுபடி வெடித்தால் வெள்ளையில் துருக்கோடு தெரியும். வாலிபர் மூவரைப் பின்னிருக்கையில் உட்காரவைத்து, பின்பெட்டியில் இரண்டு அரிசி மூட்டைகளையும் ஏற்றி, மாதனூர் வரை போய்த் திரும்பினோம். சத்தமில்லை. 500 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி திறந்து பார்க்க வேண்டும் என்று பாய் சொல்லியிருக்கிறார். மிதியடியை ஒட்டாமல் விரித்து மட்டும் வைத்திருக்கிறோம். யார் வேண்டுமானாலும் ஆராதனை முடிந்தபின் தூக்கிப் பார்க்கலாம். உங்கள் வீட்டிலும் பழைய வண்டி இருந்தால், இந்தச் சனிக்கிழமை மிதியடியை ஒருமுறை உரித்துப் பாருங்கள்.

நேற்றுச் செவ்வாய்க்கிழமை சகோதரியை அழைத்துக்கொண்டு வேலூருக்குப் போனேன். பாட்டை வைக்கவில்லை. பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டியதும், "இப்போ எப்படி இருக்கிறதம்மா?" என்று கேட்டேன்.

"இடி இல்ல ஐயரே," என்றார். சற்றுத் தயங்கினார். "ஆனா இந்த சீட்டுக்குள்ள ஒரு ஸ்பிரிங் குத்துது. வலது பக்கம். அதையும் கொஞ்சம் பார்த்துடுங்க."

வியாழக்கிழமை இருக்கையைக் கழற்றுகிறோம்.